மூன்றாம் நம்பர் ஆட்டக்காரர் பட்டெடுக்க வந்த நாள்

அத்தியாயம் 14

ஏஞ்சலின் ஸ்டேட்டஸ் இன்றும் காலியாக இருந்தது.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் கிரேஸ் செய்கிற முதல் வேலை அதுதான். போனைத் திறந்து, மகள் பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அன்றைக்கு இட்லி பூப்போல வரும். இல்லாவிட்டால் உப்பு போட்டோமா, இல்லையா என்பதே நினைவில் இருக்காது.

நாலைந்து மாதமாக முசரவாக்கத்து வீட்டில் இட்லி சரியாக வரவில்லை.

ஏஞ்சல் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் மறந்திருக்க மாட்டோம். தாம்பரத்து மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் சர்ச்சில் மூன்று வாரம் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வாரம் வாசிப்பதற்கு முந்தின நாள், பிள்ளையார்பாளையத்துத் தேவேந்திரனோடு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கிறிஸ்டோபர் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து போய், பாஸ்டரின் காதருகே குனிந்து, "வாசிக்காதீங்க ஐயா" என்று சொன்னான். திரும்பி வந்து உட்காரக்கூட இல்லை. நேராக வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"அவகூட நீ பேசினேன்னு தெரிஞ்சா, இந்த வூட்டுல நான் இருக்க மாட்டேன்."

கத்திச் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிடலாம். சாதாரணமாகச் சொன்னான். கிரேஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் பார்க்கக் கூடாது என்று அவன் சொல்லவில்லையே? அதனால் பார்த்தாள்.

ஏஞ்சல் பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடியவள். இடது பக்கத்துப் பின்வரிசை. மாவட்ட அணிக்குக்கூடப் போனாள். சென்னை அணியில் அதே இடத்தில் ஆடுகிற மூன்றாம் நம்பர், வியாசர்பாடி சிவராஜ் என்றால் அவளுக்கு உயிர். மேட்ச் நடக்கிற நாளில் அம்மாவையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று புரியவைக்க, அடுக்களையிலிருந்த மிளகாய்த்தூள் டப்பா, மஞ்சள்தூள் டப்பா, கடுகு டப்பா எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஆட்டம் காட்டினாள். கடுகு டப்பா ஆஃப்சைடில் நின்றது. அன்றிலிருந்து கிரேஸுக்கு ஆஃப்சைடு தெரியும்.

மகள் போன பிறகும் கிரேஸ் மேட்சை விடவில்லை. போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தனியாகப் பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் ஏஞ்சலின் ஸ்டேட்டஸில் ஒரு மஞ்சள் இதயமும் பக்கத்தில் 3 என்ற எண்ணும் வரும். கிரேஸ் பதிலுக்கு ரோஜாப்பூ படம் போட்ட வேத வசனம் ஒன்றை வைப்பாள். சற்று நேரத்தில் அதைப் பார்த்தவர்களின் பெயர்களில் ஏஞ்சலும் இருப்பாள். அம்மாவும் மகளும் ஒன்றரை வருஷத்தில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பிறகு ஒரு மேட்சில் சிவராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அன்றோடு மஞ்சள் இதயமும் நின்றுபோனது.

கிரேஸ் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தாள். அவர் திரும்ப ஆட வந்தால் இவளும் திரும்ப வருவாள். ஆகவே அவள் ஜெபத்தில் மாமியாரின் சர்க்கரை நோய்க்கும் நாத்தனாரின் வீட்டுக் கடனுக்கும் முன்னால் சிவராஜின் வலது முட்டி இடம்பிடித்தது.

"கெளம்பலாமா?" என்றான் கிறிஸ்டோபர் வெளியிலிருந்து.

டிவிஎஸ் வண்டியின் முன்னால் பெயின்ட் டப்பாக்களைக் கட்டியிருந்தான். காஞ்சிபுரத்தில் அவள் வேலை செய்கிற பட்டுக் கடைக்கு முகப்பெல்லாம் புது வர்ணம் அடிக்கிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் ஒரே இடத்துக்குப் போய்வருவது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. ஊரில் பார்க்கிறவர்கள், அடடா என்றார்கள். வண்டியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்று பேசினான்.

"அந்த வியாசர்பாடிப் பையன் இன்னும் ஆட வரலையா?"

கிரேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தத்தைக் குறைத்து, முக்காட்டுக்குள் வைத்துப் பார்த்த மேட்சையெல்லாம் இவன் கவனித்துக்கொண்டா இருந்தான்?

"இல்லைங்க. முட்டி இன்னும் சரியாவல போலருக்குது."

ரயில்வே கேட், பஸ் ஸ்டாண்ட், காந்தி ரோடு எல்லாம் கடந்து போயின. கடை வாசலில் இறங்கியதும் அவன் முகப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துப் போனான், அவள் உள்ளே போனாள்.

* * *

கடைக்குள் நுழைந்ததும் வேலைக்காரர்கள் போனை மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேனேஜர் உமாபதி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாயங்காலம்தான் திறப்பார்.

அடுத்து ஊதுபத்தி. அதற்கு அடுத்து போணி. முதலில் வருகிற ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனால் உமாபதிக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

அன்றைக்கு முதலில் வந்தது ஒரே ஒரு ஆள். தொப்பி போட்ட, உயரமான இளைஞர். கூட வேலை செய்யும் சுகாசினி, கிரேஸின் இடுப்பில் இடித்தாள்.

"தனியா வந்துக்கினு இருக்குது பாருக்கா. லவ்வருக்குத்தான்."

"கிரேஸ், நீ பாரும்மா," என்றார் உமாபதி.

கிரேஸ் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நடையைப் பார்த்துவிட்டாள். இடது கால் தாராளமாக வந்தது. வலது கால் யோசித்து யோசித்து வந்தது. மெல்லக் கண்ணை உயர்த்தினாள். போனில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர், வாசல் தோரணம் தலையில் படாமல் இருக்கக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்.

கடையில் வேறு யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கிரிக்கெட்காரர் ஒருவர் வந்திருந்தால் காந்தி ரோடே திரண்டு வந்திருக்கும். நாட்டின் பெரிய லீகில் ஆடுகிறவர், தொலைக்காட்சியில் வருகிறவர். காஞ்சிபுரத்தில் அவரை ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர்கள் வெள்ளை விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவது வழக்கம். கிரேஸ் ஓடிப்போய் உள்ளேயிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றைத் தூக்கிவந்து போட்டாள்.

அவர் ஸ்டூலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ உக்கார முடியாதுன்னு நான் சொல்லவே இல்லியேக்கா?"

"நீங்க ஸ்ட்ரெச்சர்ல போனத பாத்தேன் தம்பி. இப்ப முட்டி எப்டி இருக்குது?"

சிவராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டார். முகத்தில் வந்த சிரிப்பு, ரொம்ப நாளாக உபயோகிக்காத சிரிப்பு.

"மேட்ச் பாப்பீங்களா?"

"ஒண்ணு விடாம."

"ஆபரேஷன் ஆயிடுச்சு. நடக்கலாம். ஓடறதுக்குத்தான் இன்னும் டாக்டர் ஒத்துக்கல." ஸ்டூலில் உட்கார்ந்து, "கேட்டதுக்கு தேங்க்ஸ்க்கா. மொதல்ல தெனமும் யாராவது கேட்டுக்கினே இருந்தாங்க. இப்ப யாரும் கேக்கறது இல்ல," என்றார்.

இந்த இடத்தில்தான் கிரேஸ் அந்தத் தப்பைச் செய்தாள்.

பட்டுக் கடையில் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. "முகூர்த்தமா, வெச்சுக் குடுக்கவா?" வெறுமனே வைத்துக் கொடுக்கிற புடவை என்றால், கடைப் பெண் அதைத் தன் மேலேயே கொசுவி, முந்தானையைத் தோளில் போட்டு நின்று காட்டுவாள். முகூர்த்தப் புடவை என்றால் கூடவே கூடாது. கையில் விரித்துத்தான் காட்ட வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் இன்னொருத்தி மேல் அது படக்கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம். பதினைந்து வருஷமாகக் கடையில் இருக்கும் கிரேஸ் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

இன்றைக்குக் கேட்கவில்லை. தனியாக வந்த ஆளிடம் கேட்கத் தோன்றவும் இல்லை. முகூர்த்தப் பட்டெடுக்க யாராவது தனியாக வருவார்களா? வேன் பிடித்து, அத்தையும் சித்தியும் சம்பந்தியும் வந்து இறங்கி, ஆளுக்கொரு நிறம் சொல்லிச் சண்டை போடுவார்கள். அதுவுமல்லாமல் அவள் மனம் கடையிலேயே இல்லை. இவரோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால், ஏஞ்சலால் சும்மா இருக்க முடியுமா? ஒரு வார்த்தையாவது அனுப்ப மாட்டாளா? ஆனால் போன் பெட்டிக்குள் கிடக்கிறது, பெட்டிச் சாவி உமாபதி இடுப்பில் கிடக்கிறது.

"நல்ல செவப்பா காட்டுங்கக்கா. பார்டர் கொஞ்சம் பெருசா."

அரக்குச் சிவப்பில் ஒன்றை எடுத்தாள். கை பழக்கத்தில் மளமளவென்று கொசுவி இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் வீசிக்கொண்டு நின்றாள்.

"அப்டியே நில்லுங்க. அம்மாக்கு அனுப்பறேன்."

சிவராஜ் தன் போனை உயர்த்தி ஒரு போட்டோ எடுத்தார். கிரேஸுக்கு உள்ளுக்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவரோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவள் தவியாய்த் தவிக்க, இவர் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய போன் அலறியது.

"டேய், யாருடா அது? எம் மருமவ கட்டப்போற பொடவைய யாருடா சுத்திக்கினு நிக்கிறது?"

ஸ்பீக்கரே போடாமல் கடைக்கோடி வரை கேட்டது. சிவராஜின் அம்மா, வியாசர்பாடி தில்லையம்மாளின் குரல்.

கிரேஸின் கை தானாகத் தோளுக்குப் போய் முந்தானையை இறக்கியது.

"முகூர்த்தத்துக்கா தம்பி?"

"ஆமாக்கா. எனக்குத்தான் கல்யாணம். வைகாசில."

உமாபதி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "இன்னாம்மா கிரேஸ்? முகூர்த்தமான்னு கேக்கலையா நீ? நேத்திக்கு வேலைக்குச் சேந்தவளா?"

"தப்பு என்னுது சார்."

"போணி நேரம்மா இது!"

சிவராஜ் அவரைக் கையால் அமர்த்திவிட்டுப் போனில் சமாதானம் சொல்லிப் பார்த்தார். தில்லையம்மாள் கேட்கிற வழியாக இல்லை. கடையை விட்டு உடனே வெளியே வா என்றாள். கிரேஸ் கையை நீட்டினாள்.

"நான் பேசறேன் தம்பி. குடுங்க."

மூன்றாம் நம்பர் சிவராஜின் போன் அவள் காதில் இருந்தது. இப்படியா அது வந்து சேர வேண்டும்?

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. தம்பி மேல தப்பு ஒண்ணும் இல்ல. தனியா வந்தாரு. முகூர்த்தத்துக்குத் தனியா வருவாங்கன்னு எனக்குத் தோணலைமா."

எதிர்முனையில் சத்தம் அடங்கிவிட்டது. கிரேஸ் பயந்துபோனாள்.

"தனியாத்தான் வந்தான்," என்றது குரல், இப்போது வேறு குரலாக. "எனக்கு இடுப்பு வலி, படி எறங்க முடியல. அவங்கப்பா இல்ல. பொண்ணு நர்ஸு, அதுக்கும் அப்பா அம்மா கெடையாது, இன்னிக்கு டூட்டி. இவன் ஆடிக்கினு இருந்தப்போ பாக்கணுமே! வாசல்ல வண்டி நிக்க எடம் இருக்காது. போன வருசம் கல்யாணம் வெச்சிருந்தா ரெண்டு வேன் பத்தாது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நானாவது வந்திருக்கணும்."

"அழாதீங்கமா."

"உனக்குப் பசங்க இருக்குதா?"

"ஒரே பொண்ணு."

"கட்டிக் குடுத்துட்டியா?"

"கல்யாணம் ஆயிடுச்சுமா."

"பட்டுக் கடையிலயே இருக்கிற. உம் பொண்ணுக்கு நல்லதா எடுத்திருப்ப. இன்னா கலர் எடுத்த?"

கிரேஸ் அடுக்கி வைத்திருந்த புடவைகளைப் பார்த்தாள். ஊரார் வீட்டுக் கல்யாணப் பெண்கள் எத்தனை பேருக்கு இந்தக் கையால் எடுத்துக் கொடுத்திருப்பாள்? ஏஞ்சல் அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாள்? பட்டா, நூல் புடவையா, சுடிதாரா? ஓசூரில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது யார்?

"தெரியாதுமா," என்றாள்.

தில்லையம்மாளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வேற ஒண்ணு எடும்மா," என்றாள் மெல்ல. "கையில விரிச்சே காட்டு. நீயே பாத்து எடு. அந்த எடத்துல நான் நிக்கறதா நெனச்சு எடு."

கிரேஸ் எடுத்தாள். அரக்கின் அடர்த்தி இல்லாமல், குங்குமச் சிவப்பில் அகல பார்டர் வைத்த ஒன்று. அதை உடம்பில் படாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். போட்டோ போயிற்று. வியாசர்பாடியிலிருந்து சரி என்று பதில் வந்தது. உமாபதிக்கு மூச்சு வந்தது.

* * *

புடவை பில் போடப் போயிருந்தது.

"ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமாக்கா?" என்றார் சிவராஜ். அவராகவே கேட்டார். "கேக்கறதுக்கு ஆள் இல்லாம நானே கேட்டுக்கினு இருக்கேன் பாருங்க."

"என் போன் பெட்டிக்குள்ள இருக்குது தம்பி."

"என்னுதுல எடுத்து அனுப்பறேன்."

கிரேஸ் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். படம் வந்து என்ன ஆகப்போகிறது? அதை ஏஞ்சல் பார்ப்பாள். பார்த்தவர்களின் பெயர்களில் அவள் பெயர் வரும். மறுபடியும் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குப் பெயர் போதும் போதும் என்றாகிவிட்டது.

"படம் வேணாம் தம்பி. வேற ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லுங்க."

"என் பொண்ணுக்கு நீங்க ஆடறதுன்னா உசுரு. ஓசூர்ல இருக்கிறா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்ல. ஒருவாட்டி அவள கூப்புடறீங்களா? நான் இங்க இருக்கறத சொல்லவே கூடாது. நீங்க பாட்டுக்கு பேசுங்க. அவ கொரல மட்டும் கேட்டுக்கறேன்."

சிவராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, "எங்க போய் பேசலாம்?" என்றார்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. வர்ணம் தெறிக்காமல் இருக்க அதன் கம்பிகளை மறைத்துச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். யாரும் வராத இடம். கிரேஸ் எண்ணைச் சொன்னாள். ஒன்றரை வருஷமாகத் தினமும் எடுத்துப் பார்த்து, அழுத்தாமல் வைத்துவிடுகிற எண். மணி அடித்தது. சிவராஜ் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஹலோ?"

கிரேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தடித்திருந்தது குரல். ஆனால் அதே ஹலோ.

"ஏஞ்சலா? நான் சிவராஜ் பேசறேன்மா. ஃபுட்பால் பிளேயர்."

"யாருப்பா அது? தேவாவோட ஃப்ரெண்டா? கலாய்க்காதீங்க."

"நெஜமாத்தாம்மா."

"அப்டியா? எந்த ஷூ லேச மொதல்ல கட்டுவீங்க?"

"லெஃப்ட். ரெண்டு முடிச்சு."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கோல் தடுத்தபோது போட்ட அதே கூச்சல். கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்காகவா, அழுவதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் ஒரு வேற்று மனிதரிடம் படபடவென்று பேசுகிறாள், சிரிக்கிறாள், கிண்டல் செய்கிறாள். அம்மா ஒரு முழம் தள்ளி நின்று திருட்டுத்தனமாகக் கேட்கிறாள்.

"அண்ணா, முட்டி எப்டி இருக்குது? நீங்க விழுந்த மேட்ச மறக்கவே மாட்டேன். நீங்க விழுந்தீங்க, நான் கத்தினேன், எனக்கு வலி எடுத்திடுச்சு!"

"வலியா?"

"டெலிவரி பெயின்ணா. நெறமாசம் அப்போ. அதோட சரி, ஒரு மேட்சும் பாக்க முடியல. போனயே கையில எடுக்க வுடமாட்டா." அந்த நேரத்தில் குழந்தை ஒன்று வீறிட்டது. "கேக்குதா? இவதான். நாலு மாசம் முடிஞ்சிடுச்சு."

படி முழுக்க அந்த அழுகை நிறைந்தது.

கிரேஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிவராஜ் விழுந்த அந்த இரவு அவளுக்கு நினைவிருந்தது. தரையில் முழங்கால் போட்டு அந்த மனிதனின் முட்டிக்காக மன்றாடினாள். அதே நேரத்தில் ஓசூரில் எந்த ஆஸ்பத்திரியிலோ பெற்ற மகள் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடிக்கத் தாய் இல்லை. பத்தியச் சோறு யார் போட்டார்கள்? குழந்தைக்கு முதல் எண்ணெய் யார் வைத்தார்கள்?

"ஒத்தையாவா பாத்துக்கினு இருக்கம்மா?" என்றார் சிவராஜ்.

"ஆமாண்ணா. தேவா ஷிஃப்டுக்குப் போயிடுவாரு. அவங்க வூட்டுலயும் யாரும் வர்றதில்ல." சிரிப்பு குரலை விட்டுப் போயிருந்தது. "எங்கம்மா உங்க பெரிய ஃபேன். உங்ககூட பேசினேன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"பேசறது இல்லண்ணா. அம்மா ஒருவாட்டி கூப்புடுவாங்க, ஒருவாட்டி கூப்புடுவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ஆஸ்பத்திரியில கூட போன தலகாணிக்குக் கீழயே வெச்சிருந்தேன். சரி வுடுங்க. என் நம்பர் யாரு குடுத்தாங்க உங்களுக்கு?"

சிவராஜ் கிரேஸைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார், பேசுங்கக்கா என்று. கிரேஸ் வாயைத் திறந்தாள். உடனே முந்தானையை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குழந்தை விடாமல் அழுதது.

"புள்ள ஏம்மா அப்டி அழுவுது? பால் குடுத்தியா?"

குரல் ஜன்னலிலிருந்து வந்தது. சிவராஜ் துள்ளித் திரும்பினார். ஒட்டியிருந்த செய்தித்தாளை ஒரு கை கிழித்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், சாரத்தின் மேல், முகமெல்லாம் வெள்ளைத் துளிகளோடு கிறிஸ்டோபர் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. தூரிகையிலிருந்து பெயின்ட் அவன் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.



"அப்பா?" என்றாள் ஏஞ்சல்.

தொடர்பு அறுந்துவிட்டது.

மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்தார்கள். கீழே உமாபதி யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். வேன் கதவு சாத்தும் சத்தமும், நாலைந்து பெண்கள் சேர்ந்து பேசும் சத்தமும் கேட்டன.

போன் மறுபடி அடித்தது. வீடியோ கால்.

"எடுக்காத! நான் வர்ற வரைக்கும் எடுக்காத கிரேஸ்!" கிறிஸ்டோபர் தூரிகையை அப்படியே வீசிவிட்டுச் சாரத்தில் இறங்கத் தொடங்கினான். சவுக்குக் கம்புகள் கிறீச்சிட்டன. ஐம்பது வயது ஆளுக்கு அந்த வேகம் ஆகாது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிவராஜ் போனை அவள் பக்கம் நீட்டினார்.

"கட் ஆயிடும்க்கா."

ஒன்றரை வருஷம் அவன் சொல்லைத் தட்டாதவள், இப்போது பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ஏஞ்சல் வந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். தலை வாரவில்லை. தோளில் ஒரு சின்னத் தலை சாய்ந்திருந்தது, பின்பக்கம்தான் தெரிந்தது, முடி அடர்த்தியாக. ஏஞ்சல் திரையில் தெரிந்த அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிரேஸ் அவளைப் பார்த்தாள். கையை உயர்த்தி அந்தச் சின்னத் தலையைத் திரையில் தொட்டாள்.

"அங்கதான் இருந்தியாம்மா? எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தியா?"

கிரேஸ் தலையசைத்தாள்.

"அப்பாவே பேசிட்டாரு." ஏஞ்சல் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "நீ ஏம்மா பேசல?"

பதில் கிரேஸிடம் எப்போதும் தயாராக இருந்தது. உங்கப்பா பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து, மனசுக்குள் எத்தனையோ தடவை மகளுக்குச் சொல்லி வைத்திருந்த பதில். அதை நம்பித்தான் இத்தனை நாள் தள்ளினாள்.

பேசக்கூடாது என்று சொன்ன அந்த மனிதன் இப்போது படியேறி வந்துவிட்டான். மூச்சிரைக்க அவள் தோளுக்குப் பின்னால் நின்று, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேத்தியின் தலையை எட்டி எட்டிப் பார்த்தான். பிறகு அவனும் கிரேஸின் முகத்தைப் பார்த்தான்.

ஓசூரில் மகளும், பக்கத்தில் புருஷனும் அவள் சொல்லப்போகிற பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சொன்னவனே முந்திக்கொண்டு பேசிவிட்ட பிறகு, அந்தப் பழைய பதில் இனி செல்லாது.